கதவில் ஒட்டிய புலி

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தங்கையும் இந்த வீட்டின் நிரந்தரக் குற்றவாளியுமான வாலு எழுதுவது. இங்கே அப்பா நலம். அம்மா நலம், முழங்கால் மட்டும் சுமார். என் போன் அப்பாவின் பீரோவில், சட்டைகளுக்கு அடியில், சுகமாகத் தூங்குகிறது. நீ அங்கே நலமா?

போன் ஏன் பீரோவில் என்றுதானே கேட்கிறாய்? பள்ளி அலுவலகத்துக் கடிகாரத்தை இருபத்தைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். செய்தது அவ்வளவுதான். மணி அடிப்பவர் கடிகாரத்தைப் பார்த்து அடித்தார். பிள்ளைகள் மணியைக் கேட்டு ஓடினார்கள். வாத்தியார்கள் பிள்ளைகளைப் பார்த்து ஓடினார்கள். எழுநூறு பேரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் தலைமையாசிரியர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் சரியில்லை" என்றார். கடிகாரத்துக்கா, எனக்கா என்று இன்னும் விளங்கவில்லை.

அப்பாவின் தீர்ப்பு: "அடுத்த பரிட்சை முடியிற வரைக்கும் போன் கிடையாது. அக்காகிட்ட பேசணும்னா லெட்டர் எழுது. கையெழுத்தாவது உருப்படும்." அவருடைய போனில் உன்னோடு பேசலாம்தான். ஆனால் பக்கத்திலேயே நிற்பார். அவர் நிற்கும்போது நாம் பேசக்கூடியது மழை, வெயில் இரண்டும்தான். ஆகவே என் கையெழுத்தைப் படிப்பது இனி உன் தலையெழுத்து.

டீச்சர் வேலை எப்படி? இருபத்திரண்டு பேர், எல்லாரும் நாலு வயசு, எல்லாரும் உன் முட்டி உயரம். இதில் என்ன கஷ்டம் இருக்க முடியும்? நான் ஒருத்தி எழுநூறு பேரைச் சமாளித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தொண்டைக்கு வெந்நீர் குடி என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

உன்,
வாலு


ஜூன் 25

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக அந்த மணி அடிப்பவர். பாவம், அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லையே?

என் வகுப்பறையைச் சொல்கிறேன். நீளமான அறை. ஒரே கதவு. கதவைத் திறந்தால் நடைவழி, அதன் கோடியில் பிள்ளைகளின் கழிப்பறையும் கைகழுவும் குழாய்களும். காலை பத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டுக்கு ஒருமுறை எல்லாரையும் வரிசையில் அழைத்துப் போக வேண்டும். கதவுக்கு நேர் எதிர்க் கோடியில் ஒரு மூலை. அங்கே ஒரு சின்ன நாற்காலி. அடம் பிடிக்கும் பிள்ளை ஐந்து நிமிடம் உட்கார்ந்து அமைதியாவதற்கு. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை அறை. இங்கே ஒருவன் தும்மினால் அங்கே அவர் பேனாவைக் கீழே வைப்பார்.

ஒருவன் இருக்கிறான். எல்லோரும் குட்டிப் புயல் என்கிறார்கள். மரக்கட்டைகளை எடுத்து வைக்கச் சொன்னால் எறிகிறான். பாட்டு நேரத்தில் கத்துகிறான். கதவு திறந்திருந்தால் குழாயடிக்கு ஓடிவிடுகிறான். அங்கே போய்த் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். இது அவனுக்கு மூன்றாவது பள்ளி. அவன் அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்பவர். முதல் நாள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "இங்கயாவது வெச்சுக்குவீங்களா?"

தலைமையாசிரியை ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார். அவன் என்ன செய்தாலும் தேதி, நேரம் போட்டு எழுத வேண்டும். ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை, நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். வகுப்பைப் பார்த்து, நோட்டைப் பார்த்து, அவன் இருப்பதா போவதா என்று அன்றே முடிவு. என் வேலையை நிரந்தரமாக்குவதும் அன்றுதான்.

நெற்றியில் ஒரு சின்ன வீக்கம். கட்டை பட்டது. அம்மாவிடம் சொல்லாதே.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள நெற்றிவீங்கி அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உன் வீக்கம் வடிந்ததா? அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு நீ தரவேண்டியதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இத்துடன் சுருட்டி அனுப்பியிருப்பதைப் பிரித்துப் பார். பயந்துவிடாதே. புலி. மூன்று நாள் கணக்குப் பாடத்தில் வரைந்தேன், கணக்கு வாத்தியாருக்கு நன்றி. தூங்குகிற புலிதான். ஆனால் வலது கண்ணைப் பார், கீற்றுப்போலத் திறந்திருக்கும். கருவிழியை நட்டநடுவில் வைத்திருப்பதால் எங்கே நின்றாலும் உன்னையே பார்க்கும். அம்மா இதைத் தாண்டி அலமாரிக்குப் போக யோசித்தாள் என்றால் பார்த்துக்கொள்.

செய்முறை: கதவில் ஒட்டு. குரலைத் தாழ்த்து. "புலி தூங்குது. சத்தம் போட்டா முழிச்சுக்கும். முழிச்சா என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது" என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதே. என்ன பண்ணும் என்பதை அவர்களே கற்பனை செய்துகொள்வார்கள். நாம் சொல்வதைவிட அது நன்றாக இருக்கும். குறும்பு சாஸ்திரத்தின் முதல் விதி இது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நாலு வயசிலேயே பள்ளியைவிட்டு அனுப்பப்பட்டவள் நான். டீச்சரைத் தினமும் கடித்து உலக சாதனை. வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் காப்பிக்கு முன்னால் அம்மா பரிமாறுகிற கதை அது. அனுபவசாலி சொல்கிறேன், ஒட்டு.

வெந்நீர் குடி. பதில் போடு.

உன்,
வாலு


ஜூலை 10

அன்புள்ள வாலுவுக்கு,

நலம், நலம், மூன்று முறை நலம்! வீக்கமும் வடிந்துவிட்டது.

உன் புலியைப் போன வெள்ளிக்கிழமை கதவின் உட்பக்கம் ஒட்டினேன். நீ சொன்னபடியே சொன்னேன். இருபத்திரண்டு வாய்களும் மூடின. சுண்டல் பொட்டலம் மடிப்பதுபோல் ஒவ்வொருத்தரும் உதட்டை மடித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை தலைமையாசிரியை தானே கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், இன்னிக்கு பிள்ளைங்க லீவா?" என்றார். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். என்னோடு இருக்கும் உதவியாளர் அம்மா, "பதினாலு வருஷமா இருக்கேன், இந்த ரூம்ல ஃபேன் சத்தம் இன்னிக்குத்தான் கேக்குது" என்றார்.

குட்டிப் புயலும் அடங்கிவிட்டான். மூன்று நாள் ஒரு கட்டை பறக்கவில்லை. குழாயடிக்கு ஓடவும் இல்லை.

நேற்று மட்டும் வரிசையில் முன்னால் நின்ற பையனின் தோளைக் கடித்துவிட்டான். பல் பதிந்துவிட்டது. மூலை நாற்காலியில் உட்கார வைத்தேன். நோட்டில் எழுதினேன். புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள், அதுபோல ஆகிவிட்டது.

மற்றபடி எல்லாம் நல்லபடி. அவன் அம்மா பையில் மூன்று கால்சட்டை வைத்து அனுப்புகிறார், அதுவும் போதவில்லை, நான்கு வையுங்கள் என்று சொல்ல வேண்டும். இந்த வேலையில் இப்படிச் சில்லறை விஷயங்கள் ஆயிரம்.

உனக்கு ஒரு பெரிய நன்றி. பரிட்சைக்குப் படிக்கிறாயா?

அக்கா


ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

புலியை வரைந்தவள் நலம். அம்மாவின் முழங்காலும் உன் கடிதத்தைக் கேட்டுக் கொஞ்சம் நலம். உன் தொண்டை இப்போது ஓய்வில் இருக்குமே?

ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. நீ நோட்டில் என்ன எழுதுகிறாய்? "கடித்தான்." அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒருத்தனை ஏமாற்ற வேண்டுமென்றால் நான் அவன் செய்வதைப் பார்க்க மாட்டேன். செய்வதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். மணி அடிப்பவர் அடிப்பதற்கு முன்னால் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார், கையை அல்ல. அதனால்தான் கடிகாரத்தில் கை வைத்தேன்.

நோட்டில் ஒரு கோடு போட்டு இன்னொரு பத்தி சேர். தலைப்பு: ஒரு நிமிடம் முன்னால். யார் பக்கத்தில், என்ன சத்தம், எங்கே நின்றான், எதைப் பார்த்தான். ஒரு வாரம் எழுதி எனக்கும் அனுப்பு. துப்பறிகிறேன். கூலி வேண்டாம், அப்பாவிடம் போனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும்.

உடம்பு பத்திரம். கடிபடாமல் இரு.

வாலு


ஜூலை 27

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் தாமதம். அப்பாவிடம் பேசினேன். "பரிட்சை முடியட்டும்" என்கிறார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

நீ கேட்டபடி எழுதிவைத்தேன். சுருக்கமாக:

ஜூலை 21, காலை 10.05. கழிப்பறை வரிசை. முன்னால் நின்ற பெண்ணின் கையைக் கடித்தான். மூலை நாற்காலி. அங்கே சமத்தாக உட்கார்ந்தான்.

ஜூலை 22, பகல் 12. வரிசை. உதவியாளரின் கையைக் கடித்தான். மூலை. பதினைந்து நிமிடத்தில் கால்சட்டை நனைந்தது.

ஜூலை 24, காலை 10.05. வரிசை. கடித்தான். ஒரு நிமிடம் முன்னால்: ██████ ஒன்றும் குறிப்பாக இல்லை.

மூன்று அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இவன் இருந்தால் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பல் தடத்தை நானும் பார்த்தேன்.

இன்னொரு செய்தி. பக்கத்து வகுப்பு டீச்சர் அவர்களுக்கும் ஒரு புலி கேட்கிறார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "இருபத்திரண்டாம் தேதி அவங்க வந்ததும் முதல்ல உங்க கிளாஸுக்குத்தான் கூட்டிட்டு வருவேன். இந்த அமைதியைக் காட்டுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். அதாவது வேலை உறுதி. வாலு, உன் புலி எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த பேர் இது.

அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

எல்லாரும் நலம்.

நீ அடித்துவிட்ட இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டேன். நல்ல பேனாதான், ஆனால் எழுதும்போது அழுத்துகிறாய். "கதவையே பார்க்கிறான்." அதுதான் அடியில் இருந்தது.

நீ எழுதிய எல்லாக் கடிதங்களையும் தரையில் பரப்பி வைத்திருக்கிறேன். ஜூன் கடிதத்தில் எறிந்தான், கத்தினான், ஓடினான். கடித்தான் என்று ஒரு இடத்தில்கூட இல்லை. கடி ஆரம்பித்தது புலி வந்த பிறகு. ஜூனில் கதவு திறந்தால் ஓடிப் போகிற பையன். தண்ணீர் பிடிக்கும் அவனுக்கு. ஜூலையில் அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை. நீ அதை அடக்கம் என்று எழுதினாய். நானும் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன்.

கடித்தால் எங்கே உட்கார வைக்கிறாய்? மூலையில். மூலை எங்கே இருக்கிறது? கதவுக்கு எதிர்க் கோடியில். வரிசையில் நின்றால் புலியைத் தாண்ட வேண்டும். கடித்தால் தாண்ட வேண்டாம். நீ அவனுக்குத் தண்டனை கொடுப்பதாக நினைக்கிறாய். அவன் டிக்கெட் எடுத்துத் தப்பிக்கிறான். பிறகு அடக்க முடியாமல் கால்சட்டையை நனைக்கிறான். நாலு கால்சட்டை சில்லறை விஷயம் இல்லை அக்கா.

எல்லாரும் நம்புகிற மாதிரி நடிக்கிற விளையாட்டு என்று மற்ற இருபத்தொரு பேருக்கும் தெரிந்திருக்கலாம். அவனுக்கு அது புலி.

வரைந்தது நான்தான். கண் உன்னையே பார்க்கும் என்று பெருமை அடித்ததும் நான்தான். புலிவாலைப் பிடித்தவள் கதை என்னுடையதாகிவிட்டது. தயவுசெய்து இன்றைக்கே கிழித்துப் போடு.

உடனே பதில் போடு.

வாலு


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

இங்கே நலம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தால் சைக்கிளை எதிர்ப்பக்கம் ஓட்டுகிறார்.

நேற்று அப்பாவின் போனில் நீ பேசியபோது "கதவு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்ல வெயில்" என்றாய். அப்பா பக்கத்தில் நின்றது எனக்கு, உனக்கு அல்ல.

ஒன்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் நாலு வயசு டீச்சர் நல்லவர்தான். பேசுகிறவர்களைக் குப்பை வண்டி தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். வண்டி தினமும் பதினோரு மணிக்கு ஜன்னல் பக்கம் வந்து நிற்கும். நான் காலையில் எப்படியும் ஏதாவது பேசியிருப்பேன். அதனால் பதினோரு மணி ஆனதும் டீச்சரைக் கடித்துவிடுவேன். கடித்தால் அலுவலக அறைக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். அங்கே ஜன்னல் கிடையாது.

ஒரு நாள் உன்னை ஏழாம் வகுப்பிலிருந்து கூப்பிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். அதுதான் கடைசி நாள். வழி முழுக்க நீ பத்தடி முன்னால் நடந்தாய். உன் பையில் தொங்கிய சிவப்பு வாட்டர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான்தான் முதலில் ஆரம்பித்துக் கொடுப்பேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட அது சுலபம்.

இத்துடன் இன்னொரு புலி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் பயன்படுத்து. வேண்டாமென்றால் பழையதைக் கிழித்தால் மட்டும் போதும்.

உடம்பு சரியில்லையா? அதையாவது எழுது.

வாலு


ஆகஸ்ட் 13

அன்புள்ள வாலுவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு கடிதமும் கிடைத்தன. படமும்.

புலி கதவில்தான் இருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி வரை இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். இப்போது எடுத்தால் வகுப்பு பழையபடி சந்தையாகிவிடும், அவர்கள் வரும் வாரத்தில். வரிசையில் நான் அவன் பக்கத்திலேயே நிற்கிறேன். தோளில் கை வைத்துக் கூட்டிப் போகப் பார்க்கிறேன். சில சமயம் வருகிறான். இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை காலை முதல் வேலையாக எடுத்துவிடுகிறேன்.

நான் கிளம்பும்போது அப்பா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்: "ஆறு மாசத்துல பெட்டியோட திரும்பி வருவ, பாரு." பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் நிற்க என்னால் முடியாது. உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் அன்பு.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

நலம். புரிகிறது. நீ பெட்டியோடு வந்து நின்றால் வாசலில் நானும் நிற்பேன், அப்பாவுக்கு முன்னால்.

ஆனால் இருபத்தைந்தாம் தேதி அவன் அங்கே இருக்க மாட்டான். இருபத்திரண்டாம் தேதியே பேரை அடித்துவிடுவார்கள். காலிக் கதவை யாருக்குக் காட்டப்போகிறாய்? மூன்று அம்மாக்கள் கையெழுத்துப் போட்டது கடிக்காக. கடி வந்தது புலிக்காக. அது நோட்டில் இல்லை. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இந்தக் கடிதம் செவ்வாய் மாலை உன் கைக்கு வரும். அதன் பிறகு மூன்று நாள், நாளைக்கு இரண்டு தடவை. அவன் இன்னும் ஆறு முறை அந்தக் கதவைத் தாண்ட வேண்டும்.

வாலு


ஆகஸ்ட் 24

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இந்தக் கேள்வியை இவ்வளவு நாளும் பழக்கத்துக்கு எழுதினேன், இன்று கேட்கிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புதனும் வியாழனும் நான் புலியை எடுக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆறில் நான்கு முறை ஆனது. அதில் மூன்று முறை கடித்தான்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு வந்தார்கள். ஒரு பெரியவர், ஒரு அம்மா, கூட நம் தலைமையாசிரியை. மூன்று பேரும் பிள்ளைகள் நாற்காலியில் முட்டி மார்பில் இடிக்க உட்கார்ந்தார்கள். அறை ஊசி விழுந்தால் கேட்கும்படி இருந்தது. பெரியவர் எழுதிக்கொண்டே இருந்தார். தலைமையாசிரியை என்னைப் பார்த்துக் கண்ணாலேயே தட்டிக்கொடுத்தார்.

பத்து மணி. வரிசை. குட்டிப் புயல் கடைசியில். நான் பக்கத்தில் நின்றேன். கதவைப் பார்த்தான். முன்னால் நின்ற பெண்ணின் தோள் பக்கம் வாயைக் கொண்டுபோனான். அப்போது நீ எழுதச் சொன்ன அந்த ஒரு நிமிடத்தை முதல் முறையாகக் குனிந்து, அவன் உயரத்திலிருந்து பார்த்தேன். கடிப்பதற்கு முன்னால் அவன் என்னைத்தான் பார்க்கிறான், வாலு. ஒவ்வொரு முறையும் பார்த்திருப்பான். நான் பார்ப்பேனா என்று பார்க்கிறான்.

போய்ப் புலியைக் கிழித்தேன். ஒட்டுநாடா நல்ல நாடா, பாதிதான் வந்தது, அந்தக் கண் கதவிலேயே நின்றது. நகத்தால் சுரண்டினேன். கிழிகிற சத்தம் கேட்டதும் எவனோ ஒருவன், "முழிச்சிருச்சு!" என்று அலறினான். அவ்வளவுதான். ஏழு வாரம் அடக்கி வைத்திருந்த சத்தம் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. ஒருத்தி மேசைக்கு அடியில். நான்கு பேர் என் காலில். வந்திருந்த அம்மா நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார், நாற்காலியும் கூடவே எழுந்தது.

நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த உன் இரண்டாவது படத்தை எடுத்து அதே இடத்தில் ஒட்டினேன். இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்த புலி, பின்னங்கால்களைப் பின்னிக்கொண்டு, வாலால் வயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நிற்கிற புலி.

"ஆமா, முழிச்சிருச்சு. அதுக்கும் அவசரமாம். அதுவும் லைன்ல நிக்குது" என்றேன். "புலி படம்தான். என் தங்கச்சி வரைஞ்சது. மொதல்ல ஒட்டினதும் அவ வரைஞ்சதுதான். அது சத்தம் கேட்டா முழிக்கும்னு நான் சொன்னது சும்மா. தப்பு என்னுது."

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு அந்தச் சுவர் அதிரச் சிரித்தார்கள். குட்டிப் புயல் சிரிக்கவில்லை. கதவிலிருந்து இரண்டடி தள்ளி நின்று படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். அதன் கால்களைப் பார்த்தான்.

"இது இன்னும் போகலையா?"

"இல்லடா."

"ஏன்?"

"தனியா போகப் பயமாம்."

கொஞ்சம் யோசித்தான். "சரி, வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனான். போய்விட்டு வந்து, கை ஈரத்தைப் புலியின் மேல் துடைத்தான்.

பிறகு தலைமையாசிரியை அறையில் கூட்டம். நோட்டை மேசையில் வைத்தேன். முந்தின இரவு உட்கார்ந்து அந்தப் பத்தியை நிரப்பியிருந்தேன், நிரப்பிவிட்டுக் காட்டுவதா வேண்டாமா என்றே தெரியாமல்தான் காலையில் கிளம்பினேன். ஒவ்வொரு கடிக்கும் எதிரே: ஒரு நிமிடம் முன்னால், கதவில் இருந்த படத்தைப் பார்த்தான். கடைசியில்: படத்தை ஒட்டியது நான். ஜூலை இருபத்திநான்கிலிருந்து எனக்குத் தெரியும்.

பெரியவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "தெரிஞ்சும் ஒரு மாசம் விட்டு வெச்சீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? எங்கள் வகுப்புச் சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

அவன் பேரை அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட அம்மாக்களிடம் நானே நேரில் பேச வேண்டும். என் வேலை நிரந்தரமாகவில்லை, இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம். தலைமையாசிரியை அன்று மாலை என் வணக்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார். அப்பாவிடம் இதை நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

அவன் அம்மா வாசலில் நின்றிருந்தார், கடையில் அனுமதி கேட்டு வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. "திங்கக்கிழமை அனுப்புங்க. ஒரு கால்சட்டை வெச்சா போதும்" என்றேன். பையிலிருந்த மற்றவற்றை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அவன் திருந்திவிட்டான் என்று எண்ணாதே. மாலையே ஒரு கட்டை பறந்தது. என் காதை உரசிக்கொண்டு போனது.

அன்று நான் பத்தடி முன்னால் நடந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று நடந்தேன் என்று எழுதலாம். முதலில் அப்படித்தான் எழுதினேன், அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். உன் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நிஜமாகவே. பரிட்சை முடிந்தது, அதன் நலம் இரண்டு வாரத்தில் தெரியும். உன் காது நலமா?

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ பேசியது பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "இன்னும் ஆறு மாசம் கெடு வாங்கிட்டாளா, கெட்டிக்காரிதான்." அவர் அகராதியில் அது மாலை மரியாதை. வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். காப்பிக்கு முன்னால் அம்மா வழக்கம்போல, "இவ நாலு வயசுல டீச்சரையே..." என்று ஆரம்பித்தாள். "நானே சொல்றேன்மா" என்றேன். பதினோரு மணி வண்டியையும், ஜன்னல் இல்லாத அறையையும் சேர்த்துச் சொன்னேன். மாமா சிரிக்க வாயைத் திறந்து அப்படியே மூடிக்கொண்டார். அம்மா எழுந்து உள்ளே போனாள். காப்பி வர ரொம்ப நேரம் ஆனது. வந்தபோது எனக்கு மட்டும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. முழங்கால் வலியோடு என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். மட்டமான ஜோக். அவள் சிரிக்கவில்லை, என் தலையை மட்டும் கலைத்துவிட்டாள்.

மணி அடிப்பவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். முதல் கடிதத்திலேயே கேட்டாயே, அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. அதற்கு நான் பதில் எழுதவே இல்லை என்று நீ கவனித்திருப்பாய். ஒரு வாரம் அவரை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். "போ போ, எனக்கும் அன்னிக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போனதுல சந்தோஷம்தான்" என்றார். ஆனால் இப்போது அடிப்பதற்கு முன்னால் மூன்று கடிகாரம் பார்க்கிறார்.

இத்துடன் ஒரு படம் இருக்கிறது. நேற்று போனில் நீ சொன்னபடி குட்டிப் புயல் தினமும் இரண்டு தடவை அந்தப் புலியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருகிறான் என்றால், அது இன்னமும் காலைப் பின்னிக்கொண்டு நிற்பது நியாயம் இல்லை. அவன் ஏமாற்றப்பட்டதாக நினைப்பான். இதில் காலை அவிழ்த்துவிட்டேன். முன்னங்கால்களை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், கை கழுவுவதற்கு. ஒட்டும் இடத்தை அவனையே காட்டச் சொல்.

உன்,
வாலு